பை வைத்த கவுன்

எங்கள் வீட்டில் ஒரு குண்டூசிகூடக் கிடையாது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்களின் வீடுகளில் தேடிப் பாருங்கள், லேசில் அகப்படாது. இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று கம்பெனி கேட்டிலேயே ஊக்கு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்ற வைத்துவிடுவார்கள். நைலான், பாலியஸ்டர் உடம்பில் படக் கூடாது, பருத்திதான் உடுத்த வேண்டும். செல்போனோ தீப்பெட்டியோ வைத்திருக்கிறோமா என்று தடவிப் பார்ப்பார்கள். அதனால் உடுப்பில் பை வைத்துத் தைக்கிற பழக்கமும் எங்களுக்கு இல்லை. இப்படியே பழகிப்போன ஒருத்தி வீட்டில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் என்ன கூத்து நடக்கும் என்பதற்கு நானே சாட்சி.

எனக்குத் தையல் பித்து பிடித்தது துணியைப் பார்த்து அல்ல, காகிதத்தைப் பார்த்து. எம். புதுப்பட்டியில் எங்கள் தெருவில் வேலை இல்லாத நாட்களில் வெடிக்குக் குழாய் சுருட்டுவோம். அதற்குப் பழைய காகிதம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எந்தெந்த தேசத்துக் காகிதமோ, யார் படித்ததோ. ஒருநாள் ஒரு மூட்டையைப் பிரித்தபோது உள்ளே ஓர் உறை இருந்தது. உறையின் மேல் மூன்று வெள்ளைக்காரிகள் நின்றார்கள். இடுப்பு சிறுத்து, அதற்குக் கீழே பாவாடை குடை மாதிரி விரிந்து, அப்படி ஓர் உடுப்பு! உள்ளே வெங்காயச் சருகு போல மெல்லிய தாள்கள். தாள் முழுக்கக் கோடு, புள்ளி, அம்புக்குறி.

“இது குழாய்க்கும் ஆகாது, திரி சுத்தவும் ஆகாது. அடுப்புல போடு” என்றார் என் மாமியார்.

போடுவேனா? தாள்களை ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தேன். அந்தக் கவுனை எப்படி வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு துண்டாக வரைந்து வைத்திருந்தார்கள். எப்படியும் அறுபது வருஷப் பழசு இருக்கும். போனை எழுத்துக்கு மேலே காட்டினால் தமிழில் சொல்லும் என்று மகள் சொன்னாள். காட்டினேன். “தானியத்தைப் பின்பற்று” என்று வந்தது. கம்பா, கேப்பையா என்று கேட்டுச் சிரித்தோம். துணியின் இழை ஓடுகிற திசையைத்தான் அப்படிச் சொல்கிறது, இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே வார்த்தை என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. இப்போது என்னிடம் அப்படி ஆறேழு உறைகள் இருக்கின்றன. பேப்பர் குடோன்காரரே பார்த்து எடுத்து வைக்கிறார்.

பேக்கிங் செக்‌ஷனில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூச்சட்டி என்கிற புஸ்வாணப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற அக்கா ஒருவர் இருக்கிறார். நல்ல உயரம், நல்ல உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. நாற்பதை நெருங்குகிற வயதில் அவருக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை தாயில்பட்டிக்காரர், லோடு வண்டி ஓட்டுகிறவர். காலையில் தாலி கட்டுக்குப் பட்டுச்சேலை, சாயங்காலம் ரிசப்ஷனுக்குக் கவுன் என்று அக்கா ஆசைப்பட்டார். எட்டு வயதிலேயே வளர்த்தி அதிகம் என்று பாவாடைக்கு மாற்றிவிட்டார்களாம். அதற்குப் பிறகு கவுன் என்பது அவருக்கு மற்றப் பிள்ளைகள் போடுகிற உடுப்பாகிவிட்டது.

விருதுநகரில் கவுன் வாடகைக்கு விடுகிற கடைக்கு நானும் கூடப் போனேன். கடைப்பெண் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். “உங்க அளவுக்கு வராதுக்கா. சேல பாக்கீகளா?” என்றாள். அக்கா வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது. “நான் தைக்கேன்க்கா! பாத்துட்டே இருங்க, வாடகைக் கவுன் எல்லாம் பிச்சை வாங்கணும்” என்று நடுத்தெருவில் சத்தியம் பண்ணிவிட்டேன்.

உறைகளை எல்லாம் பரப்பி வைத்தோம். அக்கா அந்த முதல் உறையைத்தான் எடுத்தார். தாள்களுக்குள் மாங்காய் வடிவத்தில் ஒரு துண்டு இருந்தது. அது கையும் இல்லை, கழுத்தும் இல்லை. படத்தை உற்றுப் பார்த்தபோதுதான் ஒருத்தி இடுப்புக்குக் கீழே கையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“ஏ புள்ள, பை!” என்று அக்கா கத்தினார். “எனக்கு இது கட்டாயம் வேணும். வேற எதை விட்டாலும் இதை விட்றாத.”

ஆனால் அந்த அளவு ஈர்க்குச்சி இடுப்புக்காரிக்கு எழுதியது. துண்டுகளைக் குறுக்கே வெட்டி, அகட்டி வைத்து, புதிதாக வரைந்தேன். என் வீட்டுக்காரர் ஆப்செட் பிரஸ்ஸில் இருக்கிறார். அங்கே கழித்துப் போடுகிற பட்டாசு லேபிள் ஷீட்டுகளின் வெள்ளைப் பக்கம்தான் என் வரைபடத் தாள். முதலில் பழைய சேலையில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்தோம். கை அக்குளிலேயே சிக்கிக்கொண்டது. பாதி நுழைந்த கையோடு அக்கா கண்ணாடி முன்னால் நின்றார்.

“விடு புள்ள. அந்தக் கடைக்காரப் பிள்ள சொன்னது சரிதான். நான் சேலையே கட்டிக்கிடுதேன்” என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! அக்காமேல் இல்லை, அந்தக் காகிதத்துமேல். உடம்பைத் துணிக்குத் தகுந்த மாதிரி மாற்றவா முடியும்? அக்குளை இன்னும் இறக்கி வெட்டி, கைக்கு அடியில் சதுரமாக ஒரு துண்டு கொடுத்தேன். அடுத்த வாரம் போட்டபோது கை சர்ரென்று போனது. அக்கா கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார். நான் குதித்தே விட்டேன்.

நல்ல துணிக்கு அருப்புக்கோட்டைக் கைத்தறியில் சந்தனக் கலர் சேலை இரண்டு எடுத்தோம். சாட்டின், வலைத்துணி என்று மற்றவர்கள் சொன்னதை நாங்கள் காதிலேயே வாங்கவில்லை. பருத்தி உடுத்திப் பழகிய உடம்புக்கு மற்றதெல்லாம் முள். இனிமேல் வெட்ட வேண்டியதுதான். துணிமேல் வரைபடம் நகராமல் இருக்க வேண்டுமே, என்ன செய்வது? ஊரில் மற்றவர்கள் குண்டூசி குத்துவார்கள். எனக்குத்தான் எதற்கெடுத்தாலும் பசையாயிற்றே. மைதா மாவைக் காய்ச்சி, குழாய்க்குத் தடவுகிற மாதிரி விரலால் இழுகி, தாளைத் துணிமேல் ஒட்டிவிட்டேன்! ஆஹா, அசையவில்லை. கத்தரி வழுக்கிக்கொண்டு போனது. என்னைப்போல் கெட்டிக்காரி உண்டா என்று நினைத்துக்கொண்டே தாளை உரித்தேன்.

மற்றத் துண்டுகள் நன்றாகத்தான் வந்தன. முன்பாவாடைக்கு மட்டும் பெரிய தாள் வேண்டுமென்று அன்று காலை பிரஸ்ஸிலிருந்து வந்த புது ஷீட்டை எடுத்திருந்தேன். வரைந்த வெள்ளைப் பக்கம் மேலே இருக்க, துணியில் ஒட்டியது அச்சடித்த பக்கம்; அதில் மை காய்ந்திருக்கவில்லை. சந்தனத் துணியின் நடுவே செக்கச்செவேல் என்று ஒரு பூச்சட்டி தலைக்கு மேல் பொறி பறக்க நின்றது.

மீதித் துணி பைக்குத்தான் காணும். வீட்டுக்காரர் வந்து பார்த்து, “மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சா போயிரும்” என்றார். “கல்யாணப் பொண்ணு மண்ணெண்ணெய் வாடையோட மேடையில நிக்கவா?” என்று எரிந்து விழுந்தேன். கோபத்தில் துணியைப் பிடுங்கித் திருப்பினேன். மறுபக்கம் சுத்தமாக இருந்தது. கைத்தறிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று பேதம் கிடையாது. முன்பாவாடையோ இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வெட்டிய ஒரே துண்டு. திருப்பி வைத்துத் தைத்தால் பூச்சட்டி உள்ளே போய்விடும்! வீட்டுக்காரர் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். மனிதர் பயந்துபோனார்.

தைத்து முடித்துக் கொடுத்தபோது அக்கா முதலில் உள்பக்கத்தைத்தான் புரட்டினார். “இது நம்ம லேபிள்லா! கம்பெனில ஒட்டுனது பத்தாதுன்னு எம்மேலயும் ஒட்டிட்டியா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். இடுப்பில் பிடித்து, கீழே விரிந்து, அந்த உறைமேல் இருந்த படத்தைப் போலவே இருந்தது. இரண்டு கைகளையும் பைக்குள் விட்டுக்கொண்டு அப்படியே நின்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

ரிசப்ஷன் அன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எந்தக் கடையில் எடுத்தது என்று கேட்டு மாய்ந்துபோனார்கள். கம்பெனி சார்பில் ஒரு பத்தாயிரம் வாலாவைக் கொடுத்திருந்தார்கள். மண்டபத்து வாசலில் அதை நீளமாக விரித்ததும், ஜரிகையும் வலைத்துணியுமாக நின்ற கூட்டம் சேலையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. “பொண்ணு உள்ள போகட்டும், இம்புட்டு அகலத் துணி, தீப்பொறி பட்டுரும்” என்றார் யாரோ பெரியவர்.

“பருத்திதான், பெரியப்பா. நான் கொளுத்துதேன்” என்றார் அக்கா.

நாங்கள் செய்வதோடு சரி. கொளுத்துவது எப்போதும் மற்றவர்கள்தான். அக்கா ஒரு கையில் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரத்தின் முனைக்கு நடந்தார். யாரோ ஊதுபத்தியை நீட்டினார்கள். நெருப்புக்காக எல்லோரும் சட்டைப் பைகளைத் தடவிக்கொண்டிருந்தபோது, அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பைக்குள் கையை விட்டு, ஒரு தீப்பெட்டியை எடுத்தார்.