பேய் பங்களாவில் என் குணங்கள்

பயமுறுத்தும் வீடியோ கேம்களில் வரும் மனிதர்களைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். விளையாடித் தெரிந்துகொண்டதல்ல. துணி காயப்போடக் கூடத்தைக் கடந்துபோகும் நேரங்களில் மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, பத்து வருடமாகச் சேர்த்த அறிவு.

"நீங்கள் இங்கேயே இருங்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்பவன் திரும்பி வரமாட்டான். நகைச்சுவையாகப் பேசுகிறவன் அவனுக்கும் முன்பாகப் போய்விடுவான். கார் கிளம்பாது. சாவி, பூட்டிய கதவின் பக்கத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் இருக்கும். பாழடைந்த எந்த வீட்டுக்குள் போனாலும் அங்கே வாழ்ந்த யாரோ ஒருவர் டைரி எழுதி வைத்திருப்பார். 'அது கதவுக்கு வெளியே நிற்கிறது. கதவைத் திறக்கிறது. ஆ...' என்று முடியும். கதவு திறக்கும்போது யாராவது உட்கார்ந்து 'ஆ' என்று எழுதுவார்களா?

இந்த முட்டாள்களைப் பார்த்துச் சும்மா போக என்னால் முடியாது. "தனியா போகாத", "கதவச் சாத்து", "மொதல்ல லைட்டப் போடு" என்று திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவேன். துணிக்கூடை இடுப்பில் இருக்கும்.

"மா, அவனுக்குக் கேக்காது லா," என்பாள் மகள்.

அவளுக்கு இப்போது இருபது வயது. விளையாடியவள், கேம்கள் செய்வதையே படிப்பாக எடுத்துக்கொண்டாள். டிப்ளோமா முடியும் சமயத்தில் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்தது. திங்கட்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். தங்கும் விடுதிக்கான விண்ணப்பப் பாரத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடவும் ஓர் இடம் இருந்தது. சட்டப்படி அவளுக்கு என் சம்மதம் தேவையே இல்லை. ஆனால் அவள் வேண்டும் என்றாள். சட்டம் கேட்டிருந்தால் முனகிக்கொண்டே போட்டுக் கொடுத்திருப்பேன். கேட்டது அவள். அதனால் மூன்று வாரமாகப் "பாப்போம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாரம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் தொங்கியது. பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் பால் எடுக்கக் கற்றுக்கொண்டேன்.

காரணம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். போன வருடம் அவள் தோழியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, எங்கள் தீவின் மறுபக்கம் இருக்கும் பாலிக் புலாவ் போனாள். திரும்பும்போது மழை, மலைப்பாதை, வளைவு, வழுக்கல். தோழிக்கு முழங்கையில் சிராய்ப்பு. என் மகளுக்குக் காறை எலும்பு உடைந்தது. அவ்வளவுதான். டாக்டரே "சின்ன விஷயம்" என்றுதான் சொன்னார். எனக்கு அந்த ஃபோன் வந்ததுதான் சின்ன விஷயமாக இல்லை. தெரியாத எண். வழியில் வண்டியை நிறுத்தி உதவிய யாரோ ஒரு மலாய்க்காரர், மிகவும் நிதானமான குரலில், "அக்கா, பயப்படாதீங்க" என்று மலாயில் ஆரம்பித்தார். பாவம், நல்ல மனிதர். அன்றிலிருந்து யார் 'பயப்படாதீங்க' என்றாலும் எனக்கு முதலில் பயம்தான் வருகிறது. தெரியாத எண் திரையில் வந்தால் இன்றும் மகள் எங்கே என்று யோசித்துவிட்டுத்தான் எடுக்கிறேன். பெரும்பாலும் காப்புறுதி விற்கிறவர்கள்தான்.

சனிக்கிழமை மத்தியானம், ஜன்னலுக்கு வெளியே ஆயர் ஈத்தாம் மலை முழுவதையும் மழை மறைத்திருந்தது. மகள் மடிக்கணினியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"மா, ஒரு உதவி. எங்க இறுதி வேலைக்கு டெஸ்ட் பண்ண ஆள் வேணும். கேமே விளையாடாத ஆளா இருக்கணும்."

"எனக்கு எல்லாம் தெரியுமே."

"பாத்தது வேற. வெளையாடுறது வேற."

அவளும் இரண்டு தோழிகளும் சேர்ந்து செய்த கேம். பாலிக் புலாவ் பக்கம் ஒரு ஜாதிக்காய்த் தோட்டம். நடுவில் கைவிடப்பட்ட பங்களா. உள்ளே பெயர் இல்லாத ஏதோ ஒன்று நடமாடுகிறது. வெளிச்சத்தையும் சத்தத்தையும் தேடி வரும். அதனிடம் பிடிபடாமல் வெளியே வந்தால் ஜெயித்தோம். டெஸ்டுக்கு ஒரே விதி: செய்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. விளையாடுகிறவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால் மட்டும் போதும்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்க என்ன தப்பு செஞ்சாலும் சொல்ல மாட்டேன்," என்றாள், நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டே. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் யாருக்கும் கொடுக்காத வாக்குறுதி அது.

முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்கு பேர் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் கீழே அவரவர் குணம் எழுதியிருந்தது. டாக்டர்: காயத்தை ஆற்றுவார், இருட்டில் கை நடுங்கும். மலையேறும் இளைஞன்: வேகமாக ஓடுவான், யார் சொல்வதையும் கேட்க மாட்டான். காவலாளி: எல்லாச் சாவியும் வைத்திருக்கிறார், எது எதற்கு என்று தெரியாது. நான்காவதாக நடுத்தர வயதுப் பெண், காணாமல் போன மகளைத் தேடி வந்தவள். பார்க்கக் கண்ணியமாக இருந்தாள், கொண்டை போட்டிருந்தாள். குணங்களைப் படிக்காமல் அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு படித்தேன். பெரிய பை, உள்ளே இருப்பதைப் பயன்படுத்த மாட்டாள். சத்தமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஓடும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பாள், அதனால் வேகம் பாதி. கடைசி வரியில்: களைப்பே வராது.

"யாரு இந்தப் பொம்பளைய செஞ்சது? பேய் இருக்குற வீட்டுல எவளாச்சும் பேரு சொல்லிக் கத்துவாளா?"

மகள் வாயைத் திறக்கவில்லை. விதி. எதிரே நாளிதழ் படித்துக்கொண்டிருந்த என் கணவர்தான், தாளை இறக்காமலே, "ரொம்பத் தெரிஞ்ச ஆளு மாதிரி இருக்கே," என்றார்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. இருபத்தைந்து வருடமாகப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கவனித்துப் பார்த்து முடிவுக்கு வர வேண்டும் என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொல்கிறவள் நான்.

ஆட்டம் ஆரம்பித்தது. கூப்பிட ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். திரையில் அந்தப் பெண் மகளைக் கூப்பிட்டாள். பதில் வரவில்லை. பதில் வரவில்லையே என்று மறுபடி அழுத்தினேன். மாடியிலிருந்து அது இறங்கி வந்து என்னைக் கொன்றது. அடுத்த தடவை எச்சரிக்கையாக இருந்தேன். வழியில் கிடைத்த மருந்து, கட்டுத்துணி, தீப்பெட்டி எல்லாவற்றையும் பைக்குள் போட்டேன். கையில் கடி பட்டது. மருந்து போடலாம்தான். ஆனால் பின்னால் இதைவிடப் பெரிய காயம் வந்தால்? வைத்திருப்போம் என்று வைத்திருந்தேன். ஆறு மருந்துப் புட்டியும் ஒன்பது கட்டும் பையில் இருக்கச் செத்துப் போனேன். பக்கத்தில் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. பரீட்சை மண்டபத்தில் நான் பின்னால் வந்து நிற்கும்போது பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும் என்று முதன்முறையாகத் தெரிந்தது.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, பின்கட்டு அறை வரை போய்விட்டேன். சுவரில் ஒரு சின்னப் பலகை. அதில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அழகாக வரைந்திருந்தார்கள், சுடர் அசைந்தது. பேய் வெளிச்சத்தைத் தேடி வருகிற சத்தம் நடையில் கேட்டது. திரையின் கீழே 'விளக்கை ஊது' என்று எழுத்து மின்னியது.

நான் ஊதவில்லை. அது வந்தது, கொன்றது. மறுபடி வந்தேன். அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். கொன்றது. மேசையைச் சுற்றி ஓடினேன், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. கொன்றது. அந்த அறையில் நான்காவது தடவை பேனாச் சத்தம் நின்றுவிட்டது.

"மா," என்றாள், விதியை மீறி. "என்ன செய்யணும்னு திரையிலயே போட்டிருக்கு."

"பாத்தேன்."

"அப்புறம்?"

"வெளக்க வாயால ஊதுவாங்களா?"

கணவர் நாளிதழை இறக்கினார்.

"மா, இது கேம் லா."

"இருக்கட்டும். பூ இருக்கா? பூவ வெச்சு அணைக்கிறேன்."

"பூவுக்குப் பட்டன் இல்ல."

"திரிய எண்ணெயில தள்ளி விட முடியாதா?"

"மா, பின்னால வருது! ஊதுங்க!"

"வரட்டும்."

வந்தது. கொன்றது. திரை இருட்டானது. முதலில் சிரித்தவர் என் கணவர். பிறகு நானும் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை.

"விளக்கு நான் வரைஞ்சது," என்றாள். "பட்டன் போட்டது என் தோழி, சீனப் பொண்ணு. அவளுக்கு பிறந்தநாள் கேக்கு மெழுகுவர்த்திதான் தெரியும். ஆனா நான் நூறு தடவ அந்த அறைய டெஸ்ட் பண்ணிருக்கேன் மா. நூறு தடவ ஊதிருக்கேன். எனக்குத் தோணவே இல்ல."

"சரி விடு. அந்தப் பாழடைஞ்ச வீட்டுல வெளக்கு ஏன் வெச்ச? யாரு ஏத்துறா?"

அவள் பேனாவை மூடினாள். "நம்ம வீட்டு விளக்குதான் அது. நான் வெளிய போனா ஏத்துவீங்க. நான் வந்தப்புறம்தான் அணைப்பீங்க."

அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். விபத்துக்குப் பிறகு வந்த பழக்கம். சாமி கும்பிடுகிற சாக்கில், கும்பிட வேண்டிய நேரம் இல்லாவிட்டாலும் ஏற்றிவிடுவேன்.

"பாசாருக்குத் தேங்கா வாங்கப் போனாலும் எரியுது. ஒரு தடவ ஸ்கூல்லேருந்து அப்பாவுக்கு ஃபோன் போட்டு, எண்ணெய் தீரப்போவுது, ஊத்துங்கன்னு சொல்லிருக்கீங்க."

கணவர் அவசரமாக நாளிதழுக்குள் போய்விட்டார். காட்டிக்கொடுத்தது யார் என்று தெரிந்தது.

"கே.எல்.ல ஆறு மாசம் மா. ஆறு மாசமும் எரிய விடுவீங்களா?"

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு என் மனம் முதலில் செய்த வேலை, ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று யோசித்ததுதான். எரியும் சுடரைக் கவனிக்காமல் விட்டுப் போகாதே என்று ஆய்வுக்கூடச் சுவரில் தாள் ஒட்டி வைத்திருக்கிற ஆசிரியை நான்.

"உனக்கு என்னாச்சும் ஆனா அம்மா என்ன பண்ணுவேன்?" என்றேன். சொல்ல நினைத்தது அதுவல்ல. மூன்று வாரமாகத் தயாரித்த காரணங்கள் வேறு. விடுதிச் சாப்பாடு, ரயில் கூட்டம், சம்பளமில்லாத பயிற்சி என்று ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"எனக்கும் பயமாதான் இருக்கு," என்றாள்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும். இப்பவும் பஸ்ஸு வளைவுல திரும்புனா கண்ண மூடிக்குவேன். மழை பெஞ்சா அது நிக்குற வரைக்கும் காலேஜுலேயே உட்காந்திருப்பேன். ஒங்ககிட்ட வேல இருந்துச்சுன்னு சொல்லிருக்கேன்." அவள் தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டாள். "நீங்க வலிக்குதா, வலிக்குதான்னு மட்டும் கேட்டீங்க. வலிக்கலன்னு சொன்னேன். அது உண்மைதான்."

கீழே விழுந்தவள் அவள். எலும்பு உடைந்தவள் அவள். ஒரு வருடமாக அந்த விபத்து எனக்கு நடந்ததாக நினைத்துக்கொண்டு வீட்டில் நடமாடியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், அவளுக்குப் பயமாக இருந்ததா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என் பயம் வீட்டில் அவ்வளவு இடத்தைப் பிடித்திருந்தது, இன்னொருவருடையதற்கு உட்கார நாற்காலி இல்லை.

"பயமா இருந்தா எதுக்குப் போற?" என்றேன். கோபமாகக் கேட்க நினைத்தேன். குரல் வேறு மாதிரி வந்தது.

"போவலன்னா இன்னும் பயமா ஆயிடும் மா. நீங்க சரின்னு சொன்னா கொஞ்சம் தைரியம் வரும். அதுக்குத்தான் கேட்டேன். கையெழுத்துக்கு இல்ல. அப்பா அன்னிக்கே போடுறேன்னு சொன்னாரு."

நாளிதழ் ஒரு பக்கம் புரண்டது.

எழுந்துபோய்ப் பாரத்தை எடுத்து வந்தேன். உடனே போட்டுவிடவில்லை. அவ்வளவு பெரிய மனது எனக்கு இல்லை. விடுதி எத்தனையாவது மாடி, தீப்பிடித்தால் இறங்க வேறு படிக்கட்டு உண்டா, பக்கத்து அறையில் யார், மோட்டார் வைத்திருக்கிறவர்களோடு சேருவாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். மோட்டாருக்கு மட்டும், "மா, நானே ஏற மாட்டேன்," என்றாள். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

பாரம் அதோடு முடியவில்லை. கீழே ஒரு கட்டம்: அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண். பேனா அங்கே நின்றுவிட்டது. மகள் கவனித்துவிட்டாள்.

"அப்பா நம்பரு போடுங்க மா. ஒங்களுக்கு வேணாம்."

"ஆமா, என்னுதப் போடு," என்றார் கணவர். "நான் பயப்பட மாட்டேன்."

"நீங்க ஃபோனையே எடுக்க மாட்டீங்க," என்றேன்.

என் எண்ணைத்தான் எழுதினேன். எழுதி முடித்து, பிறருடைய எண்ணைச் சரிபார்ப்பதுபோல இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அதில் இருந்த ஏழு, ஒன்று போலத் தெரிந்தது. யாராவது தவறாக வாசித்துவிடக் கூடாது என்று நடுவில் ஒரு குறுக்குக்கோடு போட்டுக் கொடுத்தேன்.