தலைமுடி எழுந்து நின்ற மதியம்

மரக்காணத்தில் எங்களுக்குக் கொஞ்சம் உப்பளம் உண்டு. கோடையில் இடி மின்னல் எச்சரிக்கை போனில் வந்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும். நாங்கள் மட்டும் உப்புக் குவியலைத் தார்ப்பாயால் மூட வெட்டவெளிக்கு ஓடுவோம். போன வருஷமும் நானும் என் நாத்தனார் செல்வியும் அப்படித்தான் ஓடினோம்.

மேற்கே வானம் கறுத்திருந்தது. எங்கள் தலைக்கு மேல் வெயில்தான். திடீரென்று காற்று நின்றுபோனது. தார்ப்பாய் பறக்காமலிருக்க நான் குவியலில் குத்திய இரும்புக் கம்பி, தேன்கூடு போல ரீங்கரித்தது.

"இன்னா அண்ணி, முடியெல்லாம் இப்டி நிக்குது உங்களுக்கு?" என்று செல்வி சிரித்தாள். சிரித்தவளின் தலையிலும் முடி ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

"இடி நம்ம மேல எறங்கப் போவுது, வுட்டுட்டு ஓடுடி!" என்று கத்தி, அவளை இழுத்துக்கொண்டு உப்பள ஓரத்து மோட்டார் ரூமுக்குள் பாய்ந்தேன். கண்ணெதிரே எல்லாம் வெளுத்தது; காது அடைத்தது. பிறகு போய்ப் பார்த்தால், கம்பி குத்திய இடத்தில் தார்ப்பாய் கருகிக் கிடந்தது. மழை ஒரு சொட்டுகூடப் பெய்யவில்லை.

இப்போதெல்லாம் எச்சரிக்கை வந்தால், உப்பு கரைந்தால் கரையட்டும் என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறோம். ஆனாலும் போன் அலறியதும் நான் செல்வியின் தலையைத்தான் பார்க்கிறேன். அவள் என் தலையைப் பார்க்கிறாள்.