ஜேபெஸ் கோத்த மரம்

என் தங்கை டெமரிஸின் புருஷன் ஜேபெஸ் டர்னலைப் போல ஒரு வாயில்லாப் பூச்சி பாஸ்டன் துறைமுகம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அவனுக்குச் சேரவேண்டிய வாயையும் ஆண்டவன் எனக்கே கொடுத்துவிட்டான் போலிருக்கிறது. நான் மீன் விற்பவள், அவன் தச்சன். என் புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டேன். கீழே அவன் பட்டறை, மேலே நாங்கள்.

முத்திரை வரி வந்த வருஷம் ஊர் கொதித்தது. லண்டனில் உட்கார்ந்துகொண்டு, எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், பத்திரம் முதல் சீட்டுக்கட்டு வரை வரி போட்டால் யாருக்குத்தான் எரியாது? வரிக்குச் சவ ஊர்வலம் நடத்தி, பெட்டியை நாற்சந்தியில் உடைத்து எரிப்பதாக ஏற்பாடு. பெட்டி செய்யும் வேலை ஜேபெஸிடம் வந்தது. நாலு பலகையை ஆணியடித்து ஒப்பேற்றியிருக்கலாம். இந்த ஆளோ ஓக் மரத்தில், ஒரு ஆணி இல்லாமல், மரத்துக்குள் மரம் கோத்துச் செய்து வைத்திருந்தான். ஊரே ஏறி மிதித்தும் பெட்டி அசையவில்லை.

"என்னய்யா ஜேபெஸ், வரிக்கு ஆயுசைக் கெட்டியா போட்டுட்டியா?" என்று கயிறு திரிக்கிறவர்கள் கேலி செய்தார்கள்.

"மோசமா செய்ய எனக்கு வராதுப்பா" என்றான் பாவம்.

அந்த வரி போனது. கண்ணாடிக்கும் தேயிலைக்கும் வேறு வரி வந்தது. அதற்குக் காவலாகப் பட்டாளம் வந்து இறங்கி, நடுத்தெருவில் எங்கள் ஆட்களையே சுட்டது. கடைசியில் எங்கள் பையன்கள் கப்பலில் ஏறித் தேயிலைப் பெட்டிகளைப் பிளந்து கடலில் கொட்டினார்கள். மறுநாள் காலையில் தண்ணீரில் மிதந்த பலகைகளைப் பார்த்துவிட்டு ஜேபெஸ் என்னிடம் சொன்னது இதுதான்: "நல்ல பெட்டிங்கக்கா. இப்படிப் பொளந்துட்டாங்களே."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அதற்குத் தண்டனையாக லண்டன் ராஜா எங்கள் துறைமுகத்தையே மூடினார். படகு இல்லை, மீன் இல்லை. அவனுக்கு மரம் இல்லை, அடுப்புக்கு விறகு இல்லை. குளிர் தொடங்குவதற்குள் அவன் மகள் ரூத் இருமத் தொடங்கிவிட்டாள். மார்புக்குள் எதையோ போட்டு உலுக்குவது போன்ற இருமல். அந்த நேரம் பார்த்துப் பட்டாளம் தங்கக் குடியிருப்பு கட்டத் தச்சர்களைக் கூப்பிட்டார்கள். கை நிறையக் கூலி. ஜேபெஸ் போனான்.

"நம்மாளுங்களைச் சுட்டவனுக்கா வீடு கட்டப் போறே மாப்ளே?"

"ரூத்துக்குக் கணப்பு வேணும்க்கா."

அது நியாயம்தான். ஆனாலும் நான் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அங்கே மற்ற தச்சர்கள் உத்தரங்களைப் பூட்டும் மர முளைகளை வேண்டுமென்றே தளர்த்தி அடித்தார்களாம். சிப்பாய் தலையிலேயே கூரை விழட்டும் என்று. நம்ம ஆள் அவர்கள் பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் இறுக்கியிருக்கிறான்! கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

ஒருநாள் நடுப்பகலிலேயே உளி, இழைப்புளி எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"என்னாச்சு மாப்ளே?"

"கேப்டன் துரை நான் கோத்த உத்தரத்தைத் தட்டிப் பாத்தாருக்கா. 'பிரமாதம், இருபது வருஷம் அசையாது, எங்க பசங்களும் இங்கதான் காவல் நிப்பாங்க'ன்னாரு." மூச்சு வாங்கியது. "வரி வந்தப்ப, கட்டிட்டுப் போவோம்னு நெனச்சேன். பட்டாளம் வந்தப்ப, போயிடுவாங்கன்னு நெனச்சேன். அவங்க போறதுக்கு வரலக்கா. நான் செஞ்சா நிக்கும். விழற மாதிரி செய்ய எனக்கு வராது. அப்ப செய்யாமதானே இருக்கணும்?"

ஊர்ச்சபையும் சொல்ல, அந்த வாரமே மற்ற தச்சர்களும் வேலையை விட்டு வெளியேறினார்கள். கேப்டனே எங்கள் வாசலுக்கு வந்தார். இரட்டைக் கூலி என்றார். கூடவே ஒரு வண்டி விறகு, வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். மாடியில் ரூத் இருமுவது அவருக்கும் கேட்டது.

ஜேபெஸ் வண்டியைப் பார்த்தான். பிறகு மாடியைப் பார்த்தான்.

"துரை, உங்க ஆளுங்களுக்கு ஒண்ணு மட்டும் செஞ்சு தர்றேன். எத்தனை வேணும்னாலும். கூலி வேண்டாம்."

"என்னது?"

"சவப்பெட்டி. என் பெட்டி உடையாது, ஊர்ல யாரை வேணா கேட்டுப் பாருங்க."

கேப்டனின் முகம் பழுத்த மிளகாயானது. கதவை அறைந்து சாத்தியது டெமரிஸ். சாத்திய கையோடு கோடரியை எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள். அவன் தன் பட்டறை மேசையை வெட்டினான், அவன் அப்பா காலத்து மேசை. அதை எரித்துத்தான் ரூத்தைக் காப்பாற்றினோம். அவன் அழுதான், நானும் அழுதேன், பெருமையில்.

வசந்தத்தில் கிராமத்துப் பக்கம் சண்டை வெடித்தது. எங்கள் ஆட்கள் பட்டாளத்தை உள்ளே அடைத்து, நகரத்தை வெளியிலிருந்து வளைத்துக்கொண்டார்கள். ஜேபெஸ் உளிகளோடு நழுவி அவர்களிடம் போய்ச் சேர்ந்தான். ஏறக்குறைய ஒரு வருஷம் ஒரு சேதியும் இல்லை. ஒரு மார்ச் மாதக் காலையில் விழித்துப் பார்த்தால், தெற்குக் குன்றின் மேல் எங்கள் ஆட்களின் கோட்டை! உறைந்த மண்ணைத் தோண்ட முடியாதென்று, முன்கூட்டியே மரச்சட்டங்கள் செய்து இரவோடு இரவாக மேலே ஏற்றியிருக்கிறார்கள். பட்டாளம் குண்டு வீசிப் பார்த்தது, மழையும் புயலும் அடித்துப் பார்த்தன. சட்டங்கள் நின்றன. அவை யார் கைவேலை என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த மாதமே பட்டாளம் கப்பலேறியது, ஜேபெஸ் வீடு திரும்பினான்.

ஜூலையில், ராஜா இனி எங்களுக்கு ராஜா இல்லை என்று சர்க்கார் மாளிகை மாடத்திலிருந்து ஊருக்குப் படித்துக் காட்டினார்கள். அந்த மாளிகை உச்சியில் நின்ற ராஜாவின் மரச்சிங்கத்தை இறக்கிக் கொளுத்தின கூட்டம், அந்த வேகத்தில் பட்டாளக் குடியிருப்பை இடிக்க ஓடியது. இழுத்தார்கள், உதைத்தார்கள், கயிறு கட்டினார்கள். உத்தரம் அசையவில்லை.

"எந்தப் பாவிடா இதைச் செஞ்சது?"

"நான்தான்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான் ஜேபெஸ். முளை இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும். சுத்தியலால் ரெண்டு தட்டு. உத்தரம் கழன்று அவன் தோளில் இறங்கியது.

அதை எரிக்க அவன் விடவில்லை. இன்றைக்கு அவன் பட்டறையில் மேசையாக நிற்பது அந்த உத்தரம்தான். கேப்டன் சொன்ன இருபது வருஷம் எப்போதோ கடந்துவிட்டது. இன்னும் அசையவில்லை.