வேர் பிடித்த வார்த்தை

கணவர் இறந்த மறு வருஷம், கோவில்பட்டியில் ஒரு மாலைநேர ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். இங்கிலீஷ் வருகிறதோ இல்லையோ, ஒரு மணி நேரம் மனிதக் குரல் காதில் விழுமே என்றுதான் போனேன்.

ஒருநாள் வாத்தியார் பலகையில் 'எஸ்டாப்ளிஷ்' என்று எழுதினார். நிறுவுவது, நிலைநாட்டுவது, ஒன்றை உண்மையென்று உறுதிசெய்வது என்று அர்த்தம் சொல்லி, ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். ஜவுளிக்கடை அண்ணாச்சி தன் அப்பா கடை நிறுவியதைச் சொன்னார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, தீப்பெட்டி செய்யும் தன் ஆபீசைச் சொன்னார். நான் எதை நிறுவினேன்? கொல்லையில் ஒரு புங்கமரம் மட்டும்தான் நினைவுக்கு வந்தது. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசலில், அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பிழைக்க வைத்த மரம்.

"ஐ எஸ்டாப்ளிஷ்டு எ ட்ரீ."

எல்லோரும் சிரித்தார்கள்.

"மரத்த நட்டேன்னுல்லா சொல்லணும்!" என்றார் அண்ணாச்சி. வாத்தியாரும் 'பிளான்ட்' என்று திருத்தினார்.

மறுநாள் அவரே பெரிய அகராதியோடு வந்தார். "அம்மா, செடி நல்லா வேர் பிடிச்சிட்டா அதையும் எஸ்டாப்ளிஷ்டுன்னு சொல்லுதாங்க. நேத்து உங்களத் திருத்தினதுல நான் அவசரப்பட்டுட்டேன்."

எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. நேரே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், திருப்பூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, இந்நேரத்துல? மேலுக்கு முடியலையா?" என்று பதறினாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லட்டி. சும்மாதான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.