ப்ளக் என் கையில் இருந்தது

பேய், ஆவின்னு பயந்தவன் இல்ல நான். பயப்படுறதுக்கு எனக்கு வேற நெறைய இருக்கு. படுத்த பிறகு கேஸை மூடினோமா, ஷட்டருக்குப் பூட்டுப் போட்டோமா, சாயங்காலம் குடுத்தனுப்பின மிக்ஸியில எர்த் வயரை முறுக்கினோமா இல்லையான்னு எந்திரிச்சு உக்காந்துருவேன். இதுக்கு நடுவுல பேய்க்கு எங்க நேரம். யாராவது அந்த மாதிரி சொன்னா சிரிக்காம கேட்டுக்கிடுவேன், அவ்வளவுதான். நீங்களும் அப்படிக் கேட்டாப் போதும்.

எட்டாங்கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தென்காசியில சின்னக் கடை, மிக்ஸி, கிரைண்டர், கரண்ட் அடுப்பு பழுது பாக்குறேன். இந்தக் கரண்ட் அடுப்பு, இண்டக்‌ஷன்னு சொல்வாங்களே, அதைப் பத்தி ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க, இல்லேன்னா நான் சொல்றது புரியாது. மேல பாத்திரம் இருந்தாத்தான் அது சூடாகும். பாத்திரம் இல்லேன்னா டிக் டிக்னு கத்தி, ஈ ஜீரோன்னு காட்டி, ஒரு நிமிஷத்துல தானா அணைஞ்சிரும். டம்ளர் மாதிரி சின்னதா எதையாவது வச்சாலும் பாத்திரமே இல்லேன்னுதான் சொல்லும்.

போன வருஷம் சாரல் காலம். குற்றாலம் போற ரோட்டுல மேலகரத்துல ஒரு வீட்டுலேர்ந்து கூப்பிட்டாங்க. நடுராத்திரி எல்லாம் இல்ல, மத்தியானம் மூணு மணி. ஆனா சாரல் மூடிக்கிட்டு சமையல்கட்டுல லைட்டு போட்டுத்தான் பாக்க வேண்டியிருந்துச்சு. வீட்டுக்காரர் போலீஸ்ல எஸ்ஐயா இருந்து ரிட்டயர் ஆனவர். மகன் ராணுவத்துல, வடக்க எங்கயோ. வீட்டுல இவரும் மருமக ஈஸ்வரியும் மூணு வயசுப் பேத்தியும்தான்.

"ஆளே இல்லாம அடுப்பு தானா எரியுதுங்கா. கேட்டியா கதைய," அப்படின்னார் எஸ்ஐ ஐயா. ஈஸ்வரி பக்கத்துலதான் நிக்குது. "பக்கத்துல கெடந்த துண்டு ரெண்டு தடவ கருகிருச்சு. இவ போட்டுட்டு மறந்துட்டு, தானா எரியுதுன்னு சாதிக்கா. நீ நல்லாப் பாத்துச் சொல்லு. அடுப்புல கோளாறுன்னா புதுசு வாங்கிப்போடுதேன். இல்லேன்னா நாளைக்கு இவ அண்ணன் வாரான், வாசுதேவநல்லூருக்குக் கூட்டிட்டுப் போயி வைத்தியம் பாக்கட்டும். பிள்ளை இங்கன இருக்கும். இவகிட்ட விட்டா ஒரு நாளு வீட்டோட கொளுத்திருவா."

சொல்லிட்டு ஹாலுக்குப் போயி டிவி முன்னால உக்காந்துட்டார்.

நான் அடுப்பு பாக்க வந்தவன், பிள்ளை யாருகிட்ட இருக்கணும்னு பாக்க வந்தவனா? வேலையில கவனத்தை வச்சேன். மொதல்ல ப்ளக்கை உருவி ஓரமா வச்சு, அது வெளியதான் கெடக்கான்னு மூணு தடவ பாத்தேன். சுவத்துல எர்த் சரியா இருக்கான்னு பாத்தேன். உருவினாலும் உடனே திறக்க மாட்டேன், பத்து நிமிஷம் விட்டுருவேன். கெப்பாசிட்டர்ல கரண்டு மிச்சம் நிக்கும், ஆளைத் தூக்கி அடிச்சிரும். திறந்த பிறகும் பல்பு வயரை அதுமேல வச்சு மிச்சத்தை இறக்கிட்டுத்தான் கையை உள்ள விடுவேன். ஈஸ்வரி பாத்துட்டு, "ஒரு அடுப்புக்கு இவ்வளவு பயமா அண்ணாச்சி? எங்க மாமா லத்தியோட நிக்கும்போதுகூட யாரும் இப்படி நடுங்கிருக்க மாட்டாங்க"ன்னு சொல்லுச்சு. அந்த நெலமையிலயும் அதுக்குக் கேலி வந்துச்சு பாருங்க.

உள்ள சூட்டைத் தள்ளுற சின்ன ஃபேன்கிட்ட ஒரு செத்த கரப்பான் குஞ்சு. பட்டன் போர்டுல லேசா ஈரம். சாரல் நேரத்துல இது சகஜம், ஈரம் இறங்கினா விரல் பட்ட மாதிரி நெனச்சு தானா ஆன் ஆகும். அப்பாடா, இதுதான் கோளாறுன்னு எனக்கு உசுரு வந்துச்சு. தலைமுடி காய வைக்கிற மிஷினால நல்லா ஓட்டிக் காயவச்சேன். மத்ததை எல்லாம் மீட்டர் வச்சுப் பாத்தேன், சுத்தமா இருந்துச்சு. மூடி ஸ்க்ரூ போட்டு, தண்ணி வச்சுக் கொதிக்க விட்டுப் பாத்தேன். அணைச்சேன். பாத்திரத்தை எடுத்துட்டு, அடுப்போட மேல்கண்ணாடி ஆற ஈரத்துணியால துடைச்சு விட்டேன். தொட்டா ஜில்லுனு இருந்துச்சு.

துணியைப் பிழிஞ்சுக்கிட்டு இருக்கேன், பின்னால பீப்னு சத்தம்.

மேல பாத்திரம் இல்ல. நம்பர் ஏறுது, இருநூறு, ஐநூறு, ஆயிரம். கத்தல, ஈ ஜீரோ காட்டல. கண்ணாடியில நான் துடைச்ச ஈரம் நடுவுல மட்டும் காயுது, வட்டமா, என் உள்ளங்கை அகலத்துக்கு. அந்த வட்டத்துக்கு வெளிய ஈரம் அப்படியே நிக்குது. நான் பாய்ஞ்சு ப்ளக்கை உருவினேன்.

இப்பத்தான் நீங்க நம்ப மாட்டீங்க. ப்ளக் என் கையில இருக்கு, உள்ள ஃபேன் ஓடுது. நம்பர் எரியுது. மிச்சக் கரண்டுல ஃபேன் ரெண்டு மூணு நொடிதான் ஓடும், அது எனக்குத் தெரியாதா? எண்ண ஆரம்பிச்சேன். எண்பது தாண்டி, நூறு தாண்டி எண்ணினேன். நூத்திப் பத்தோ என்னவோ, அப்ப நின்னுச்சு. பால் பொங்கி வரும்போது நாம பட்டுனு அணைப்போம்லா, அந்த மாதிரி.

ஈஸ்வரி முகத்துல பயமே இல்ல. கண்ணு நெறைஞ்சு சிரிக்குது. "பாத்துட்டீங்கள்லா அண்ணாச்சி," அப்படிங்குது, சத்தம் வராம. "நீங்களும் பாத்துட்டீங்கள்லா. அந்த அளவுல எங்க வீட்டுல பாத்திரமே கிடையாது."

நான் தலையாட்டினேன். ஆமா, ஆட்டினேன்.

அப்ப ஹால்லேர்ந்து குரல் வந்துச்சு. "என்னடே, அடுப்புல கோளாறா, ஆளுல கோளாறா?"

என் மண்டைக்குள்ள என்னென்னமோ ஓடுச்சு. இதைச் சொன்னா மெக்கானிக் மண்டை கழண்டவன்னு ஊரெல்லாம் சொல்லிருவாங்களே, எவன் இனிமே கரண்ட் சாமானை நம்பிக் குடுப்பான், போலீஸ்காரர் வேற, நின்னு கேள்வி கேப்பாரே. நாக்கு தானாப் பேசுச்சு.

"அடுப்புல கோளாறு ஒண்ணும் இல்ல ஐயா."

அது உண்மைதான். ஈரத்தைக் காயவச்ச பிறகு அடுப்புல ஒரு கோளாறும் இல்ல. மிச்சத்தை நான் சொல்லல, அவ்வளவுதான். நாலு நாளைக்கு ஒரு தடவையாவது யாருகிட்டயாவது போகாத போர்டைப் "போச்சு"ன்னு சொல்ற வாய் இது. அன்னைக்கு அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாக்கூட அந்தப் பொண்ணு தப்பிச்சிருக்கும். அதுவும் வரல.

ஈஸ்வரி திரும்பிக்கிச்சு. நான் தண்ணி கொதிக்க வச்ச பாத்திரத்தை எடுத்து, குழாயைத் திறந்து கழுவுச்சு. சுத்தமா இருந்த பாத்திரம். கழுவிக்கிட்டே இருந்துச்சு. நான் ஸ்க்ரூ டிரைவரை எல்லாம் அள்ளிப் போட்டுட்டு, திரும்பிப் பாக்காம வண்டியை எடுத்தேன்.

ரெண்டு மாசம் கழிச்சு எஸ்ஐ ஐயா என் கடை முன்னால ஸ்கூட்டரை நிறுத்தினார். முன்னால பேத்தி நிக்குது, தலை சீவாம. பின்னால அந்த அடுப்பு, சாக்குல கட்டி. இறக்கி என் மேசையில வச்சார்.

"நீயே வச்சுக்கோ."

"என்ன ஐயா, கோளாறா?"

ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னார். ராத்தூக்கம் இல்லாத முகம். "நீதான கோளாறு இல்லன்னே," அப்படின்னுட்டு வண்டியைத் திருப்பினார்.

அவருக்கும் தெரிஞ்சு போச்சு. எனக்குத் தெரியும்கிறதும் அவருக்குத் தெரிஞ்சு போச்சு. ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. மருமகளைத் திருப்பிக் கூட்டிட்டு வரணும்னா அவரு தப்புன்னு ஒத்துக்கணும், நானும் கூட நிக்கணும். ஈஸ்வரி இன்னும் அண்ணன் வீட்டுலதான். மாத்திரை சாப்பிடுதாம், எந்நேரமும் தூங்கிக்கிட்டே இருக்காம்.

போன மாசம் அங்க போயி உண்மையைச் சொல்லிரணும்னு பஸ் ஏறினேன். கடையநல்லூர் தாண்டி, புளியங்குடி வந்ததும் இறங்கிட்டேன். ஒரு டீ குடிச்சேன். எதிர் பஸ் வந்துச்சு, ஏறி வீட்டுக்கு வந்துட்டேன். வீட்டுல கேட்டதுக்கு சாமான் வாங்கப் போனேன்னு சொன்னேன்.

அந்த அடுப்பு என் கடையில மேல்தட்டுல இருக்கு. அதோட வயரை வெட்டி எடுத்துட்டேன், ப்ளக்கே கிடையாது. தட்டு முழுக்க விரலால கோடு போடுற அளவுக்குத் தூசி. அடுப்புக் கண்ணாடி மேலயும் தூசி. நடுவுல மட்டும் ஒரு வட்டம், என் உள்ளங்கை அகலத்துக்கு, நேத்துத் துடைச்ச மாதிரி பளிச்சுனு கெடக்கு. நான் துடைக்கிறது இல்ல.

ஸ்டூல் போட்டு ஏறினா எட்டிருவேன். புறங்கையை வச்சுப் பாத்தா தெரிஞ்சிரும். இதுவரைக்கும் வச்சுப் பாக்கல. சூடா இருந்துச்சுன்னா, அதுக்கப்புறம் நான் வாசுதேவநல்லூர் போயே ஆகணும்லா.