கிடாயோடு கேமரா வாங்கப் போனவர்

மேச்சேரிப் பக்கம் செம்மறி வளர்ப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கேமரா வாங்கப் போகும்போது கிடாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் தீர்த்தகிரி ஒருவர்தான். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர் அப்படிப் போனதில் ஒரு நியாயம் இருந்தது.

தீர்த்தகிரிக்கு நாற்பத்தொன்பது வயது, ஆறடி உயரம். இளவயதில் ரிக் வண்டியில் சேர்ந்து ஆந்திரா, ஒடிசா என்று இரண்டு வருடம் ஆழ்துளைக் கிணறு போடப் போனார். அந்தச் சத்தமும் புழுதியும் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்து அப்பா விட்டுப்போன பதினோரு ஆடுகளைப் பிடித்துக்கொண்டார். இப்போது எழுபதுக்கு மேல் நிற்கின்றன. ஒரே மகள் ரஞ்சிதா கோயமுத்தூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். ஆக, வீட்டில் அவரும் மனைவி மாரக்காளும் மட்டும்தான். ஆட்டுக் கொட்டாயின் கூரை தாழ்வானது. அவர் உள்ளே போக வேண்டுமென்றால் பாதியாக மடங்க வேண்டும். மாரக்காள் நிமிர்ந்தபடியே போய்விட்டு வருவாள்.

சந்தையில் அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற இடம் அது. அங்கே பிடித்த விரலை வெளியே வந்து மாற்றிச் சொன்னவரில்லை தீர்த்தகிரி. மற்றவர்கள் காலையிலேயே ஆட்டுக்கு உப்பைக் கொடுத்து, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவிட்டு, உப்பின வயிற்றோடு ஓட்டி வருவார்கள். அந்த வேலையைக் கண்டால் இவருக்கு எரிச்சல் வரும். “தீர்த்தகிரி ஆடுன்னா பல்லைக்கூடப் பாக்காம புடிச்சுட்டு வா” என்று அப்பன்மார் மகன்மாரை அனுப்புவதுண்டு. எட்டாவதோடு படிப்பை விட்ட மனிதருக்கு இதைவிட என்ன சொத்து வேண்டும்?

மூன்று வருடத்துக்கு முன்னால் மகள் ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்து, ஆடு விற்கிற வாட்சப் குழு ஒன்றிலும் சேர்த்துவிட்டாள். கிடாயைப் படம் எடுத்துப் போட்டால் எங்கெங்கிருந்தோ ஆட்கள் கூப்பிட்டார்கள். மாரக்காள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் எடுப்பார். இருப்பது இரண்டு பேர். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் எடுக்க வேண்டும். நேரில் வந்தவர்களில் ஒன்றிரண்டு பேர், “கொஞ்சம் சின்னதாத் தெரியுதுங்களே” என்று இழுத்ததுண்டு. வாங்குகிறவன் அப்படித்தான் இழுப்பான் என்று அவர் விட்டுவிட்டார்.

சின்னுசாமி அப்படி இழுக்கிற ஆள் இல்லை. தாராபுரம் பக்கத்துப் பண்ணைக்காரர், படத்தில் செவலைக் கிடாயைப் பார்த்துப் பிடித்துப்போய் வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். செவலையைப் பார்த்தார். கையில் இருந்த போனைப் பார்த்தார். மறுபடியும் செவலையைப் பார்த்தார்.

“ஏனுங்க, போட்டோவுல இருந்த கெடா எங்கீங்க?”

“இதுதானுங்க.”

“இதுங்களா? இது அதோட குட்டியாட்ட இருக்குதுங்க!”

காப்பி கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலமே குழுவில் அவர் குரல் வந்தது. “போட்டோவ நம்பி மேச்சேரிக்கு வண்டி எடுத்துறாதீங்க. ஆட்டைப் பெருசாக் காட்டி ஏமாத்தறாங்க.” முந்நூறு பேர் இருக்கிற குழு. அதற்குப் பிறகு ஒரு மாதம் தீர்த்தகிரியின் போன் வாயைத் திறக்கவில்லை. சந்தையிலும் அவர் கொண்டுபோன ஆட்டின் வாயைப் பிளந்து ஒருவன் பல்லை எண்ணினான். இருபத்தைந்து வருடத்தில் யாரும் செய்யாத வேலை அது. தீர்த்தகிரிக்கு உடம்பே கூசிப்போனது.

தான் ஏமாற்றவில்லை. அப்படியானால் ஏமாற்றியது போன். இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மேச்சேரியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் குருமூர்த்தியும் அதையேதான் சொன்னார். “போனு அதுவா எதையாவது சேர்த்து அழகு பண்ணிக்குமுங்க. உள்ளது உள்ளபடி வேணும்னா கேமராதான்.” சொன்னதோடு நிற்காமல், காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பார்க்க வேண்டியதையெல்லாம் எழுதியும் கொடுத்தார். மெகாபிக்சல், சென்சார், ஆப்டிகல் ஜூம், வைட் ஆங்கிள், ஸ்டெபிலைசர். தீர்த்தகிரி அதை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க, தெரிந்ததும் மறந்துபோனது.

கிடாயைக் கொண்டுபோகும் யோசனை நாலாம் நாள் வந்தது. ஏர் மாடு வாங்குகிறவன் ஏரில் பூட்டிப் பார்க்காமலா வாங்குகிறான்? ஆட்டைப் படம் எடுக்கிற கேமராவை ஆட்டை வைத்துத்தானே பார்க்க வேண்டும்! குட்டி ஈன்ற ஆடுகள் இருந்ததால் மாரக்காள் வீட்டிலேயே நின்றுகொண்டாள். செவலையைக் குளிப்பாட்டி, குட்டியானை வண்டியில் ஏற்றி, சேலத்துக்குக் கொண்டுபோய் ஐந்து ரோட்டுக்குப் பக்கத்திலிருந்த ஒரு கேமராக் கடை முன்னால் நிறுத்தினார்.

கடைக்குள் நல்ல உயரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். சட்டையில் அறிவுச்செல்வி என்று பெயர் குத்தியிருந்தது. விவரத்தைக் கேட்டுக்கொண்டு மூன்று கேமராக்களைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

“இது இருபது மெகாபிக்சல்ங்கண்ணா. இது இருபத்தி நாலு.”

“பல்லுக் கணக்குங்களா?”

“என்னங்கண்ணா?”

“ஆட்டுக்கு ரெண்டு பல்லு, நாலு பல்லுன்னு சொல்லுவோம் சாமி. பல்லு கூடுனா வயசு கூடுனதுன்னு அர்த்தம்.”

“வயசு இல்லீங்கண்ணா. படத்துல எத்தனை புள்ளி இருக்குதுன்னு கணக்கு.”

“அப்பப் புள்ளி கூடக் கூட நல்லதா?”

“அப்படிச் சொல்ல முடியாதுங்கண்ணா. சென்சார் சின்னதா இருந்தா, புள்ளி நெறைய இருந்தும் பிரயோசனமில்ல. வாட்சப்புல போடறதுக்கு இத்தனை புள்ளி தேவையுமில்ல.”

கூடினால் நல்லது, கூடினாலும் பிரயோசனமில்லை, தேவையுமில்லை. தீர்த்தகிரி தாளை எடுத்துப் பார்த்தார். குருமூர்த்தி மெகாபிக்சலுக்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார். சரி, அடுத்தது கேட்போம் என்று வைட் ஆங்கிளுக்கு வந்தார். கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, “பெருசாக் காட்டற சமாச்சாரமே வேண்டாஞ் சாமி!” என்று அந்தக் கேமராவைத் தள்ளி வைத்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதைச் சுருக்கவும் செய்யலாம் என்று காட்டினாள். பெரிதாக்கவும் செய்யும், சுருக்கவும் செய்யும் என்றால் அதை எப்படி நம்புவது?

ஜூமில் மட்டும் ஒரு வெளிச்சம் கிடைத்தது. ஆப்டிகல் ஜூம் என்றால் கண்ணாடியே நகர்ந்து நிஜமாகக் கிட்டத்தில் கொண்டுவருகிறது. டிஜிட்டல் ஜூம் என்றால் இருக்கிற படத்தையே இழுத்துப் பெரிதாக்குகிறது என்றாள்.

“அட, உப்பு நக்கவிட்டுத் தண்ணி குடிக்க வெக்கறாப்புல!”

அவளுக்கு இது புரியவில்லை. அவர் வயிற்றைக் கையால் உப்பிக் காட்டி விளக்கியதும் விழுந்து விழுந்து சிரித்தாள். காலையிலிருந்து அவருக்குப் புரிந்தது அந்த ஒன்றுதான். ஸ்டெபிலைசருக்கு வந்தபோது மறுபடியும் தலை சுற்ற ஆரம்பித்தது. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

“இந்த மூணுல எது சாமி உண்மையச் சொல்லும்?”

அறிவுச்செல்வி கொஞ்சம் யோசித்தாள். “எது சிவப்பாக் காட்டும், எது ஒல்லியாக் காட்டும்னுதான் எல்லாரும் கேப்பாங்க. இதை யாரும் கேட்டதில்லீங்கண்ணா.”

“அப்ப ஆட்டை எறக்கட்டுங்களா?”

கடைக்கு முன்னால் செவலை இறங்கியதும் போகிற வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். தீர்த்தகிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் மூன்று கேமராக்களிலும் மாற்றி மாற்றி எடுத்தாள். ஒன்றில் கிடா செம்மண் நிறத்தில் இருந்தது. ஒன்றில் மஞ்சள் பூசின மாதிரி இருந்தது. இன்னொன்றில் நிறம் சரி, ஆனால் கிடா தலையை ஆட்டியதில் மூஞ்சி இரண்டாகத் தெரிந்தது. நிறம் கிடக்கட்டும். அவர் பார்த்தது உயரத்தை. மூன்றிலும் செவலை சின்னதாக, ஒரு வயசுக் குட்டி மாதிரி நின்றது. படத்தில் அதன் முதுகு அவருடைய தொடைக்குத்தான் வந்தது.

“கேமரா எல்லாமே ஆட்டைச் சுருக்குதே?” என்றார். பெரிதாக்கும் போனை விட்டுவிட்டுச் சுருக்கும் கேமராவை வாங்கவா இத்தனை தூரம் வந்தது? ஒன்றும் விளங்காமல் தன் போனை அவளிடம் நீட்டினார். “எங்கே, இதுல ஒண்ணு எடு சாமி. இது பெருசாக் காட்டும் பாரு.”

எடுத்தாள். அதிலும் செவலை சின்னதாகத்தான் இருந்தது.

தீர்த்தகிரிக்கு வியர்த்துவிட்டது. அதே போன், அதே கிடா. வீட்டில் பெரிதாக இருந்தது ஐந்து ரோட்டுக்கு வந்ததும் எப்படிச் சிறுத்துப்போகும்? வண்டியில் வந்த அலுப்பில் ஆடு நிஜமாகவே வாடிவிட்டதோ என்றுகூட நினைத்து அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். அறிவுச்செல்வி போனில் பழைய படத்தை எடுத்து, புதிய படத்தோடு மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல கயிறு புடிச்சிருக்கறவங்க யாருங்கண்ணா?”

“எம்பட ஊட்டுக்காரி.”

“ரொம்பக் குள்ளமா இருப்பாங்களா?”

“குள்ளமெல்லாம் இல்ல…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கல்யாணத்தன்று யாரோ கேலி செய்தது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் அவளை உயரம், குள்ளம் என்று அவர் பார்த்ததே இல்லை. அவள் மாரக்காள், அவ்வளவுதான். இப்போது படத்தைப் பார்த்தார். செவலையின் முதுகு அவள் இடுப்புக்கு வந்திருந்தது. பார்க்கிறவன் அவளை வைத்துத்தானே கிடாயை அளப்பான். இங்கே கயிற்றைப் பிடித்து நின்றதோ ஆறடி ஆள்.

போன் பொய் சொல்லவில்லை. சின்னுசாமியும் பொய் சொல்லவில்லை. கேமரா வாங்காமல், அந்தப் பெண்ணிடம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கிடாயை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஓமலூர் தாண்டும் வரை வெட்கம் பிடுங்கித் தின்றது. தாண்டிய பிறகு சிரிப்பு வந்தது. தெரியாமல் செய்ததுதானே, சொல்லிவிட்டால் தீர்ந்தது. முதலில் மாரக்காளிடம் சொல்லி அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று வண்டியை விரட்டினார்.

மாரக்காள் குட்டிகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். அவர் கேமராவில் ஆரம்பித்து, பல்லுக் கணக்கைச் சொல்லி, கடைசியில் உயரத்துக்கு வந்து முடித்தார். அவள் சிரிக்கவில்லை.

“இதுக்கா சேலம் போனீங்க? அது தெரிஞ்சுதானே என்னைய நிக்க வெச்சீங்க?”

“எது தெரிஞ்சு?”

“குள்ளச்சி பக்கத்துல நின்னா கெடா எடுப்பாத் தெரியும்னு. அதுக்குத்தான் என்னைய நிறுத்தறீங்கன்னு நெனச்சேன்.”

தீர்த்தகிரி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “மூணு வருசமா அப்படி நெனச்சுக்கிட்டா நின்ன?”

“ஏவாரம்னா அப்படித்தான இருக்கும்னு நெனச்சுக்கிட்டேனுங்க.”

“ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன?”

“கேட்டு? ஆமா குள்ளச்சின்னு நீங்க உங்க வாயாலயே சொல்லோணுமாக்கும்.”

சின்னுசாமி முந்நூறு பேருக்கு நடுவில் சொன்னபோதுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை. ஊரெல்லாம் நம்பின மனிதனைக் கட்டிக்கொண்டவள் நம்பவில்லை. நம்பாமலேயே தலை சீவி, நல்ல சேலை கட்டி, ஒவ்வொரு தடவையும் வந்து கயிற்றைப் பிடித்திருக்கிறாள். தன்னை ஏமாற்றுக்காரன் என்று நினைத்தாளே என்று வருந்துவதா, அவள் குள்ளத்தைத்தான் விற்கிறான் என்று நினைத்தும் நின்றாளே என்று வருந்துவதா என்று அவருக்கே தெரியவில்லை.

“எடுக்கறதுக்கு நானு, புடிக்கறதுக்கு நீ. வேற யாரு இருக்கறாங்க மாரக்கா? அதுமில்லாம, படத்துல நீயும் இருந்தா நல்லாத்தான இருக்குது.”

அவள் தழைக்கட்டை இறுக்கிக் கட்டினாள். கட்டி முடித்ததும், “அப்ப இனிமே நான் நிக்கட்டுங்களா, வேண்டாமுங்களா?” என்று கேட்டாள்.

“நீதான் நிக்கோணும்.”

சின்னுசாமிக்குப் போன் போட்டு, தப்பு தன்மேல்தான் என்று சொன்னார். அந்தப் பக்கமிருந்து, “பரவாயில்லீங்க” என்று மெதுவாக வந்தது. வெயில் இறங்குவதற்குள் மாரக்காளை நிற்க வைத்துச் செவலையைப் புதிதாகப் படம் எடுத்தார். குழுவில் போட்டுவிட்டு, குரலைச் சரிபண்ணிக்கொண்டு பேசினார்.

“வணக்கமுங்க, மேச்சேரி தீர்த்தகிரி பேசறனுங்க. படத்துல கயிறு புடிச்சு நிக்கறது எம்பட சம்சாரமுங்க. அவ உசரம் நாலே முக்கால் அடி. அதை வெச்சுக் கெடாயை அளந்து பாத்துட்டு அப்புறம் வண்டி எடுங்க.”

அனுப்பப் போன நேரத்தில் கொட்டாய்க்குள்ளிருந்து மாரக்காள் எட்டிப் பார்த்தாள்.

“நாலே முக்கால் இல்லீங்க. ஆஸ்பத்திரியில அளந்தாங்க. நாலரைதான்.”

தீர்த்தகிரி பேசினதை அழித்துவிட்டு, வணக்கத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.