டென்மார்க் போனில் பேசிய பிள்ளை

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே, காசுக்கு வெளிநாட்டு லைன் எடுத்துத் தரும் போன் கடை வைத்திருந்தவர், எந்தப் போனையும் முதலில் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் தருவார். டென்மார்க்கில் தனியே இருக்கும் என் அக்கா ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்தபின் அவவுக்கு லைன் கிடைக்கவேயில்லை.

"அது சின்ன நாடு அன்ரி. மூலை முடுக்கெல்லாம் புது நெட்வேர்க் வந்திட்டுது, பழசை நிப்பாட்டிப்போட்டாங்கள். அவவின்ரை பழைய போன் இனி வேலை செய்யாது," என்றார் கடைக்காரர்.

"நெட்வேர்க் வளர்ந்தா கதைக்க ஏலாதோ தம்பி?" எனக்கு எரிச்சலாக வந்தது.

மறுபடி நம்பரைப் போட்டுத் தந்தார். ஒரு பெண் எனக்கு விளங்காத மொழியில் ஏதோ சொன்னாள். அக்காவைப் பார்க்க வந்த பிள்ளையாக்கும் என்று நினைத்தேன்.

"பிள்ளை, அக்காவை ஒருக்காக் கூப்பிடுங்கோ," என்று கெஞ்சினேன்.

அது பதிவுசெய்த குரல் என்று பிறகுதான் அறிந்தேன். கடைக்காரருக்கு அப்போதே தெரியும். ஆனாலும் போனை வாங்கி, "கெதியாக் கூப்பிடுங்கோ தங்கச்சி, அன்ரி பாத்துக்கொண்டு நிக்கிறா," என்றார்.

என்னை நையாண்டி செய்தாரா, அவருக்கும் ஆற்றாமையா, இன்றுவரை விளங்கவில்லை.